பதுங்கு குழியில் ஏட்டு

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணம் காலியான வருஷத்தில் நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். சென்ட்ரலில் ரயில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளைத் திணித்துக்கொண்டு போனார்கள். கை வண்டியில், மாட்டு வண்டியில், நடந்துகூடப் போனார்கள். எனக்குப் போவதற்கு ஊரென்று ஒன்று இல்லை. என்னைப் பெற்றவர்களும் ராயபுரத்துக்காரர்கள்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற எந்திரம் அது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் யுத்தச் சட்டத்தில் ஜெயில் என்று அவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். அவர் போக முடியாது என்பதால் நானும் போகவில்லை. கையில் நடை பழகாத பெண் குழந்தை.

சர்க்கார் சொன்னதை அப்படியே நம்பியவள் நான். ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் காப்புப் படை ஆட்கள் தெருமுனைக்கு வந்து, குண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டினார்கள். மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் முன்னால் நின்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, கட்டுத்துணி தயார் செய்தேன். பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. கடையில் கிடைத்தபோதெல்லாம் வாங்கிப் பானைகளில் நிரப்பி, எறும்பு ஏறாமலிருக்க வாயைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுத்து வைத்தேன். பொரி, வெல்லம், மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் இருந்தன.

பின்பக்கத்து வெளியில் பதுங்கு குழியும் தோண்டினேன். எங்கள் பக்கம் முழுக்கக் கடல் மணல். ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் சரியும். இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறும். என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து உடைந்த பெட்டிப் பலகைகளைத் தலையில் சுமந்து வந்து போட்டார். பக்கங்களுக்குப் பலகை கொடுத்து, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, கோணி மூட்டைகளில் மணல் அடைத்து அடுக்கினேன். உள்ளே இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மே, எலி வளை தோண்டினாப்பல கீது?"

"குண்டு வுழும்போது சிரி, பாக்கலாம்" என்றேன். ஆனால் மனசுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு பாயம்மா இருந்தார். கயிறு வியாபாரம் செய்த குடும்பம். அவர்களும் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று பாயம்மா தன்னுடைய பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். சோறு ஆக்குகிற பெரிய தேக்சா, தாம்பாளங்கள், சொம்புகள், ஒரு வெற்றிலைப் பெட்டி.

"பூட்டின வூட்டுல வெச்சா மிஞ்சாது பொண்ணே. நீ கீறேன்னு தைரியமா போறேன்" என்றார். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டி ஏறினார்.

தெரு அடங்கிப்போனது. காக்காய் கத்துவதும் கடல் சத்தமும்தான். காலி வீடுகளைக் காவல் காக்க ஒரு ஏட்டைப் போட்டிருந்தார்கள். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, நல்ல உடம்பு. பூட்டுகளைக் கம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார். வெயிலில் நிற்கிறாரே என்று நான் மோர் கொடுத்திருக்கிறேன். அவர் தெருவில் நடமாடுவது எனக்குத் தெம்பாக இருந்தது. ஆம்பிளை வேலைக்குப் போய்விட்ட வீட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் ஆபத்துச் சங்கு ஊதிற்று. ஆலைச் சங்கு மாதிரி ஒரே இழுப்பாக இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதிக்கொண்டே இருந்தது. நான் உலையை இறக்கி அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கட்டுத்துணியையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த காரியம். கை தானாகச் செய்தது. அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. ஏட்டு ஓடி வந்தார். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு, கூடம், சமையல்கட்டு எல்லாம் தாண்டிப் பின்பக்கம் போய்க் குழிக்குள் குதித்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தால், மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடக்கிறார். தலைப்பாகை சேற்றில். காலை நீட்டிக் குழி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க. கொயந்த கீது" என்றேன்.

"எறங்காத! மண்ணு சரியுது! நீ எறங்கினா எல்லாரும் பூடுவோம்! உள்ள போ!"

"எங்கய்யா போறது? இது எங்க குழிய்யா."

அவர் கம்பை எடுத்து வாயிலில் குறுக்கே வைத்தார். வாதாட நேரமில்லை. மணல் மூட்டைகளை ஒட்டித் தரையில் படுத்தேன். குழந்தையை வயிற்றுக்கு அடியில் வைத்து, கைமுட்டியால் மண்ணில் ஊன்றிக்கொண்டேன். குழந்தை வீறிட்டது. ஆகாசத்தில் ஒன்றுமில்லை. நல்ல நீலம். குழிக்குள்ளிருந்து ஏட்டு ஏதோ சாமி பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு ஒரு பெண் அழுகிற மாதிரி சத்தம். அதுவும் அவர்தான்.

குண்டு விழவில்லை. ஆபத்து நீங்கிவிட்டதென்ற சங்கு ஊதியது. நான் எழுந்து மண்ணைத் தட்டினேன். அவர் வெளியே வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். நிஜாரெல்லாம் நனைந்திருந்தது. ஊற்றுத் தண்ணீர் அவ்வளவு மேலே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். குழி தோண்டியவள் நான்தானே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரக்கம்தான் வந்தது. "பயப்படாதீங்க ஐயா, ஊதிட்டாங்க. மேல வாங்க" என்று சொம்பை நீட்டினேன். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றும் கொடுத்தேன். அவர் சமையல்கட்டில் நின்று கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். குடிக்கும்போதே கண் சுற்றிக்கொண்டிருந்தது. பானைகள், மண்ணெண்ணெய், மூலையில் பாயம்மாவின் தேக்சா.

"இன்னா இம்மாம் அரிசி?" என்றார். குரல் அதற்குள் பழைய குரலாகிவிட்டது.

"தயாரா இருக்க சொன்னாங்களே ஐயா, சர்க்கார்ல."

அவர் கம்பை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு மூன்று கான்ஸ்டபிள்களுமாக வந்தார்கள். முன்னால் ஏட்டு. நேராகச் சமையல்கட்டுக்குத்தான் வந்தார். வழி தெரிந்த மனுஷன்.

"பாருங்க சார். அரிசி பதுக்கல். ஊர வுட்டுப் போனவங்க வூட்டு சாமான் பூரா இங்கதான் கீது" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடி வந்து, "பாயம்மா குடுத்துட்டுப் போனது சார். நாங்க தொட்டுகூடப் பாக்கல" என்று கும்பிட்டார்.

"எங்கடா உன் பாயம்மா? கூப்பிடு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏட்டைப் பார்த்து, "அன்னிக்கு சங்கு ஊதினப்போ எங்க குழியில பூந்துகினு, கொயந்தைய வெளிய போட்டீங்களே. அன்னிக்குத் தெரியலையா இது திருட்டு வூடுன்னு? கட்டிக்கினு போன வேட்டியாவது குடுங்க" என்றேன்.

கான்ஸ்டபிள்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ஏட்டின் முகம் கறுத்தது. அவர் என்னை அடிக்கவில்லை. என் வீட்டுக்காரரின் பிடரியில் கை வைத்து வெளியே தள்ளினார்.

அரிசி, மண்ணெண்ணெய், பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, என் வீட்டுக்காரரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெல்லத்தைக்கூட விடவில்லை. கட்டுத்துணி மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கடன் வாங்கிய அரிசியில் சோறு பொங்கி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன். உள்ளே விடவில்லை. சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு அது போய்ச் சேரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சுவர் ஓரமாகப் பின்பக்கம் போனேன், ஜன்னல் ஏதாவது இருக்குமா என்று. அங்கே ஒருவன் கல்லடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் பானை. நான் இழுத்த சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தது. அவன் அதிலிருந்து அரிசி அள்ளிக் களைந்துகொண்டிருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா வோணும்?" என்றான். உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. பேச்சுக் குரல் இல்லை. குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குற்றமில்லை என்று தெரிந்து யாரும் அவரை வெளியே விடவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் சரக்கோடு நின்றுகொண்டிருந்தன. விஞ்சு ஓட்ட ஆள் போதவில்லை. மேஸ்திரி போய்த் துரையிடம் சொல்ல, துரை யாரிடமோ சொல்ல, அனுப்பிவிட்டார்கள். வழக்கென்று எதுவும் போடவும் இல்லை. மேஸ்திரி அவரை நேராக வேலைக்கு அழைத்துப் போனபோதுதான் கையைப் பார்த்தார். வலது கை விரல்கள் வாழைப்பழம் மாதிரி வீங்கி, இரண்டு விரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. விஞ்சுப் பிடியைப் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச காலம் பார்த்தார்கள். பிறகு வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு ஊருக்கு ஓடிப்போனவர்களையெல்லாம் அதற்குள் திரும்பக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் தணிந்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். பாயம்மாவும் வந்தார். நடந்ததைக் கேட்டவர் உட்காரக்கூட இல்லை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"என் சாமான நான்தான் இந்தப் பொண்ணு கையில குடுத்தேன். நான் பிராது குடுத்தேனா? யாரு வூட்டு சாமானுக்கு யார உள்ள வெச்சீங்க?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

ஏட்டு எழுந்து வந்தார். "கோவிச்சிக்காதீங்க பாயம்மா. ஜாக்கிரதைக்குத்தான் எடுத்து வெச்சிருந்தோம்" என்று சிரித்தார். தாம்பாளங்களும் சொம்புகளும் வந்தன. தேக்சாவும் வெற்றிலைப் பெட்டியும் வரவில்லை.

"அரிசி?" என்றேன் நான்.

"எந்த அரிசி?" என்றார் ஏட்டு.

அந்த நாட்களில் பட்டணத்தை விட்டு ஓடாமல் பணியில் நின்றவர்களுக்கு மரியாதை செய்தார்கள் என்றும், எங்கள் ஏட்டும் அவர்களில் ஒருவர் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பாயம்மா என் வீட்டுக்காரரை எலும்பு கட்டுகிற ஒருவரிடம் தன் செலவில் அழைத்துப் போனார். விரல்கள் நேராகவில்லை.

நாங்கள் திருவொற்றியூருக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வாசல் காவல் வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. ஸ்டேஷனில் நடந்ததை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிற நாட்களில் என்னைக் கேட்பார். "நீ எதுக்கும்மே குழி தோண்டின? எதுக்கு வாயத் தொறந்த?"

"உள்ளதத்தான சொன்னேன்."

"உள்ளத சொல்லி இன்னா ஆச்சு? இங்க பாரு" என்று கையைக் காட்டுவார்.

அடித்தவனைக் கேட்க முடியாதவர் என்னைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. நான் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். குழந்தை வைத்திருக்கிறவள் குழி தோண்டுவாள், அரிசி சேர்ப்பாள். வேறென்ன செய்வாள்?

ஐம்பதுகளில் ஒரு ஐப்பசிப் புயலில் கடல் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் ஏறிவிட்டது. பகலிலேயே முழங்காலுக்கு மேல். போலீஸ் லாரி வந்து ஜனங்களை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது. எங்கள் வாசலிலும் ஒரு போலீஸ்காரர் தண்ணீரில் நின்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் கதவைத் தாழிட்டுவிட்டார்.

"நான் வர்ல. அவனுங்க வண்டியில ஏற மாட்டேன். செத்தாலும் இங்கியே சாவுறேன்."

மகள் பெரியவளாகியிருந்தாள். "நைனா, தண்ணி ஏறிக்கினே கீது!" என்று அழுதாள். நான் தாழை எடுத்து அவளை அனுப்பினேன். அவரை விட்டுப் போக முடியாமல் நான் நின்றுவிட்டேன். இருவரும் பரண் மேல் ஏறி, நனைந்த விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே பாத்திரங்கள் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் வடிந்ததும் மகள் திரும்பி வந்தாள். கையில் ரொட்டிப் பொட்டலம்.

"அந்த போலீஸ்காரரு என்னத் தூக்கி ஏத்தி வுட்டாரு. கெழவிங்கள முதுகுல சுமந்துகினு வந்தாரு. நல்லவருதாம்மா. நைனா ஏம்மா அப்பிடி பண்ணிச்சு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. காய்ச்சல் ஆரம்பித்திருந்தது.

"நல்லவராத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நானும் மகளும் வீட்டிலிருந்து சேற்றை வாரிக் கொட்ட ஆரம்பித்தோம்.