இடது பக்கம் இழுக்கிற வண்டி

வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு நான் முதல்ல கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வாரத்துல செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் என் வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ். மூலக்குளத்துலேர்ந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் காலைல என் மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போவேன், முடிஞ்சதும் மத்தியானம் கூட்டிட்டு வருவேன். அன்னிக்குத் திரும்பி வரும்போது ஹேண்டில் தானா இடது பக்கம் போவுது. சாக்கடை ஓரம் வரைக்கும் போயிடுச்சி, எப்படியோ இழுத்துப் புடிச்சேன். பின்னாடி உக்காந்திருந்தவ என் சட்டையைப் புடிச்சிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தா.

எனக்குப் பாதி உசுரு போயிடுச்சி. அவ இடது கைலதான் ஊசி குத்துற நரம்பு இருக்கு. ஆபரேஷன் பண்ணி அதைத் தயார் பண்ணவே மாசக்கணக்குல ஆச்சி. அந்தக் கைல அடி படக்கூடாது, வெயிட்டு தூக்கக்கூடாது, எதையும் அழுத்திப் புடிக்கக்கூடாதுன்னு டாக்டர் படிச்சிப் படிச்சிச் சொல்லியிருக்காரு. வண்டி சாஞ்சா முதல்ல தரையில மோதறது அந்தக் கைதான். அது போச்சின்னா அடுத்த தடவை எங்க ஊசி குத்துவாங்க?

ஆட்டோல போலாம்னா மாட்டேங்கறா. ஆட்டோல ஏறினா குமட்டுதாம். அது பாதிதான் நிஜம். மத்த நாள்ல எல்லாம் வீடே கதின்னு கிடக்கறவளுக்கு, இந்த ரெண்டு நாளு வண்டில உக்காந்து கடைகண்ணியப் பாத்துக்கிட்டு வரதுதான் மிச்சம். புதுசா எந்தத் துணிக்கடை தொறந்திருக்கு, எந்த வீட்டுல சாமியானா போட்டிருக்காங்கன்னு வீடு வர வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவா. கொஞ்ச நாளா அதையும் குறைச்சிட்டா. வெயிலுக்குன்னு நெனச்சேன்.

நான் மில்லுல ஃபிட்டரா இருந்தவன். சத்தத்தை வச்சே எந்த பேரிங் போச்சின்னு சொல்லுவேன். மில்லு மூடி எவ்வளவோ வருஷம் ஆச்சி, அந்தத் திமிரு மட்டும் போகல. ஒரு வண்டி எனக்குத் தண்ணி காட்டுதான்னு சாயங்காலமே உக்காந்துட்டேன். பின் சக்கரத்துலேர்ந்து முன் சக்கரம் வரைக்கும் நூல் புடிச்சிப் பாத்தேன். நேராத்தான் இருந்துச்சி. செயினை இழுத்து வைக்கிற போல்ட்டு ரெண்டு பக்கமும் ஒரே அளவு. டயர் ஒரு பக்கமா தேயல. முன் ஃபோர்க்கு வளையல. அவ கட்டில்ல படுத்துக்கிட்டே, "கண்டுபுடிச்சிட்டீங்களா"ன்னு கேட்டா. "நாளைக்குள்ள புடிச்சிடுவேன்"னேன்.

புடிக்கல. அடுத்த வெள்ளிக்கிழமையும் இழுத்துச்சி. போகும்போது அவ்வளவு இல்ல, திரும்பும்போதுதான். சூடு ஏறினா எதுவோ லூஸாவுதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு ரெட்டியார்பாளையத்துல இருக்கிற மெக்கானிக்கிட்ட போனேன். நடுத்தர வயசு ஆளு, ரொம்ப வருஷமா என் வண்டியப் பாக்கறவரு, அதிகம் பேசமாட்டாரு. ஓட்டிப் பாத்துட்டு வந்து, "நல்லாத்தாண்ணே இருக்கு"ன்னாரு. ஹேண்டில் திரும்பற இடத்துல இருக்கிற கோன் செட்டை மாத்துன்னேன். மாத்தினாரு. பின் ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்துன்னேன். அதையும் மாத்தினாரு. மறுபடியும் இழுத்துச்சி. நேராப் போயி அவரு கடை வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி பேசினேன். டீக்கடையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"ஒத்தையாளா ஓட்டும்போது இழுக்குதாண்ணே?"

"இல்ல. ரெண்டு பேரு ஏறினாதான்."

"சரி, நான் பின்னாடி உக்காறேன், ஓட்டுங்க." ஏறி உக்காந்தாரு. அரும்பார்த்தபுரம் வரைக்கும் போயிட்டு வந்தோம். நூல் புடிச்ச மாதிரி போச்சி.

எனக்கு இன்னும் கோவம். "நீ ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்த. பொம்பளைங்க அப்படியா உக்காருவாங்க? ரெண்டு காலும் இடது பக்கம்தான தொங்கும்"னேன்.

அந்த மனுஷன் கைலியை இறக்கி விட்டுக்கிட்டு, ரெண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டு, ஒரு கையால என் தோளைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. டீக்கடையே சிரிச்சிச்சி. "புதுப்பொண்ணு எங்க கிளம்பிடுச்சி"ன்னு ஒருத்தன் கேட்டான். மெயின் ரோட்டுல அப்படியே போயிட்டு வந்தோம். ஒரு இம்மி இழுக்கல. இறங்கினவரு கைலியை மறுபடியும் மடிச்சிக் கட்டிக்கிட்டாரு. அப்புறம், "செவ்வாய்க்கிழமை அண்ணியக் கூட்டிட்டு வரும்போது நான் உங்க பின்னாடியே வரேன்"னாரு.

சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்கூட்டரோட நின்னாரு. நான் அவளை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். சிக்னல் தாண்டினதும் ஹேண்டில் போவ ஆரம்பிச்சிச்சி. பாருய்யா, நல்லாப் பாருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓட்டினேன், எனக்கு ஒரு சந்தோஷம் வேற. கொஞ்ச தூரத்துல அவரு பக்கத்துல வந்து நிறுத்தச் சொன்னாரு. ஒரு மருந்துக்கடை நிழல்ல நிறுத்தினேன்.

"என்னய்யா, தெரிஞ்சிச்சா?"

அவரு என்னைப் பாக்காம அவளைப் பாத்தாரு. "அண்ணி சாஞ்சிடறாங்கண்ணே. முதுகு நிக்கல. நிமிர்றாங்க, மறுபடியும் அப்படியே முன்னாடி கவுந்துடறாங்க. தலை இடது பக்கம் வெளிய தொங்குது. வண்டில ஒண்ணும் இல்ல."

நான் திரும்பி அவகிட்டதான் பாய்ஞ்சேன். "இவ்வளவு நாளு தெரிஞ்சிக்கிட்டேதான் இருந்தியா? வாயத் தொறந்து சொன்னா என்ன? உசுரைக் கைல புடிச்சிக்கிட்டு ஓட்டறேன் நான்."

அவ முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டா. "தம்பி முன்னாடி கத்தாதீங்க"ன்னா. அப்புறம் மெதுவாச் சொன்னா: "வண்டின்னா கழட்டிப் பாப்பீங்க, எதையாவது மாத்துவீங்க. எனக்குன்னா என்ன பண்ணுவீங்க?"

என்ன பண்ணுவேன். மெஷினைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

டாக்டர்கிட்ட சொன்னேன். ரத்தம் கம்மியா இருக்குன்னு ஒரு ஊசியும் சேத்துப் போடறாங்க. சிகிச்சை முடிஞ்சதும் உடம்பு களைச்சிப் போறது இருக்கிறதுதான், வீட்டுல சத்தாக் குடுங்கன்னாரு. அவளுக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. ஆட்டோ கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினேன், ஏறமாட்டேன்னு அழுதா. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருன்னேன், இடுப்பு இடம் குடுக்கல. கடைசில பெரிய துண்டு ஒண்ணை எடுத்து அவ இடுப்பையும் என் இடுப்பையும் சேத்துக் கட்டிக்கிட்டேன். பசங்களை அப்படிக் கட்டி ஓட்டறதைப் பாத்திருக்கேன். அவ சாயச் சாய நான் வலது பக்கம் சாஞ்சி ஓட்டறேன். ஆரம்பத்துல தோளை லேசா வளைச்சா போதும், வண்டி நேராப் போவும். இப்பல்லாம் அது பத்தல. ஆஸ்பத்திரில எடுக்கிற டெஸ்ட்டெல்லாம் பரவாயில்லன்னுதான் வருது. ஆனா என் முதுகுக்குத் தெரியுது. அவகிட்ட அதை எப்படிச் சொல்ல?

போன வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடை வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்தினேன். என் முதுகுல சாஞ்சி அவ அரைத் தூக்கத்துல இருந்தா. அவரு எழுந்து வந்து, "எப்படிண்ணே இருக்கு வண்டி"ன்னு கேட்டாரு.

"முன்னைவிட அதிகமா இழுக்குது"ன்னேன்.

அவரு வண்டியப் பாக்கவே இல்ல. சக்கரத்துகிட்ட தொங்கிக்கிட்டிருந்த அவ முந்தானை நுனியை எடுத்து அவ கைல குடுத்துட்டு, "மெதுவாப் போங்கண்ணே"ன்னாரு.