மணியத்தின் குரலைத் தேடி செமோர் வரை

பழைய சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் போவது எப்படி என்று கேட்டு அவ்வப்போது யாராவது எழுதுகிறீர்கள். எந்த ஊரில் எந்தக் கடை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் கடையை மட்டும் தெரிந்துகொண்டு போனால் தட்டு கிடைக்கும், அதைப் பாடியவர்கள் கிடைக்க மாட்டார்கள். அதனால் எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவுக்குப் போய்வந்த கதையையே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது முப்பது. கிள்ளானில் ஒரு அலுவலகத்தில் கிராணி வேலை, கல்யாணம் ஆகவில்லை. சம்பளத்தில் பாதி தட்டுகளுக்கே போய்க்கொண்டிருந்தது.

எழுபதுகளில் மலேசியாவில் கித்தார் வைத்திருந்த இளைஞர்கள் எல்லாருமே ஒரு குழு ஆரம்பித்தார்கள். பட்டணத்தில் மட்டுமல்ல, ரப்பர் தோட்டங்களிலும்தான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டை வானொலியில் கேட்டு, அதே உருக்கத்தோடு பாடிப் பார்த்தார்கள். சில குழுக்கள் ஒரே ஒரு தட்டு வெளியிட்டன. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரிந்து போனார்கள்.

கோலாலம்பூரில் ஒரு பழைய பொருள் கடையில் அப்படி ஒரு சின்னத் தட்டு என் கையில் சிக்கியது. குழுவின் பெயர் லேட்டக்ஸ் ஃபைவ். அட்டையில் ஐந்து பையன்கள், ரப்பர்ப் பால் கொட்டகைக்கு முன்னால், கால் பக்கம் அகலமான காற்சட்டையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பின்பக்கம் ‘பாடியவர்: மணியம், ஈப்போ’ என்று இருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் நனைந்து கிழிந்திருந்ததால் எந்த வேகத்தில் போட வேண்டும் என்பது தெரியவில்லை. அதே கம்பெனியின் வேறு இரண்டு தட்டுகள் என்னிடம் இருந்தன. இரண்டுமே நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வேகம். இதையும் அதிலேயே போட்டேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிம்பாங்கில், அந்தச் சாலைச் சந்திப்பில், எனக்காகக் காத்திரு, மழை வந்தாலும் போய்விடாதே என்று ஆங்கிலத்தில் ஒரு ஆண் பாடுகிறான். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் விடுகிறான். நம் தோட்டத்துப் பையன் ஒருவனுக்குள் இப்படி ஒரு துக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. இரண்டு வருடம் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வைத்தேன். கடைசியில் மணியத்தை நேரில் பார்க்காமல் தீராது என்று ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை கோலாலம்பூர் புடுராயா நிலையத்தில் பஸ் ஏறினேன். ஈப்போவுக்கு எட்டு வெள்ளி சொச்சம், நாலரை மணி நேரம். நெடுஞ்சாலை இன்னும் முழுதாக வரவில்லை. தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலையில் மர லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். மடியில் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர், அதற்கு மேல் துணியில் சுற்றிய தட்டு. பக்கத்தில் இருந்தவர் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈப்போவில் இறங்கியதும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஊருக்கு நடுவில் இப்படி மலை நிற்பது இங்கே இருப்பவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ஒரு காப்பி குடித்துவிட்டு, திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடைகளை விசாரித்தேன். புதிதாகத் தேடப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டுக் கடைக்காரருக்குத் தட்டுதான் தெரியும், பாடியவரைத் தெரிந்தவர் மைக் கொடுத்தவர்.

மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மணியம் செத்துட்டான் தம்பி. லாரி மோதி, ஏழு வருசம் ஆச்சு. தங்கச்சி செமோருக்கு அந்தாண்ட தோட்டத்துல இருக்கா. சரோஜான்னு கேளுங்க, காட்டுவாங்க.”

முன்பின் பார்க்காத ஒருவனுக்காக அப்படி வருத்தப்படுவேன் என்று நினைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அவர்கள் வீட்டில் இந்தத் தட்டு இருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். தோட்டத்து வீட்டில் பிளேயர் ஏது, கிடைத்த ஒன்றிரண்டையும் கூட்டாளிகள் எடுத்துப் போயிருப்பார்கள் என்றார். அப்படியானால் செத்துப்போன அண்ணன் குரல் என் கையில் இருக்கிறது, அவன் வீட்டில் இல்லை. அதைக் கொண்டுபோய்க் கேட்க வைக்காமல் கிள்ளானுக்குத் திரும்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பெரியவர் மறுநாள் நாலு மணிக்கு மேல் போகச் சொன்னார். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானம் தூங்குவார்கள், அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் மரியாதை இருக்காது என்றார். ஈப்போவிலிருந்து செமோர் பத்து மைல். இரவு ஈப்போவில் தங்கிவிட்டு, மறுநாள் நாலு பேராகச் சேர்ந்து போகும் டாக்சியில் போய், அங்கிருந்து தோட்டத்துக்குள் போகிற ஒருவரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். பாதி ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள்.

சரோஜாவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அட்டையை வாங்கி அண்ணனின் முகத்தைக் கட்டை விரலால் ஒரு முறை துடைத்தார். பகலில் தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. பிளேயரைப் பெஞ்சில் வைத்து, பேட்டரியில் தட்டைப் போட்டேன்.

முதல் வரி முடிவதற்குள் அவர் கையில் இருந்த சட்டையை அப்படியே கீழே விட்டுவிட்டார். “அண்ணன்” என்றார். கண்ணீர் நிற்காமல் வந்தது. கேட்க வைத்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் பாட்டு பாதி போவதற்குள் அவர் முகம் மாறியது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அண்ணே, இது எப்படி? அன்னிக்கு அண்ணன் பாடலியே.”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பதிவுக்கு முந்தைய இரவு தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மணியம் விடிய விடிய பக்திப் பாட்டுப் பாடியதில் தொண்டை கட்டிவிட்டது. ஈப்போவில் பதிவுக்காரர் காத்திருக்கிறார், அட்டை அச்சடித்தாகிவிட்டது. சோறு கட்டிக்கொண்டு கூடப் போயிருந்த சரோஜாவுக்கு ஒத்திகை கேட்டுக் கேட்டே பாட்டு மனப்பாடம். அண்ணன்தான் அவரைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் ரகளையாகிவிடும் என்பதால் அட்டையில் இருந்த பெயரை யாரும் மாற்றவில்லை. மணியம் அதற்கப்புறமும் எந்தத் தட்டிலும் பாடவில்லை.

“நாங்க இவ்வளவு மெதுவாவும் வாசிக்கலியே” என்றார் சரோஜா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளேயரின் வேகப் பித்தானை நாற்பத்தைந்து சுற்றுக்குத் தள்ளினேன். கித்தார் துள்ளிக்கொண்டு எழுந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, பயமும் குதூகலமுமாக, காத்திரு காத்திரு என்று பாடினாள். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் குரலை அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். இரண்டு வருடமாக ஊரைக் கூட்டிப் பெருமையடித்த எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேகம் குறைந்து தங்கையின் குரல் இறங்கியதும், அது அச்சாக அண்ணன் குரலாகவே ஆகியிருக்கிறது. ஒரே தாய் வயிற்றுக் குரல். இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பாட்டு முடிந்ததும் சரோஜா கீழே விழுந்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு, பழையபடி மெதுவாகவே போடுங்கள், அண்ணியைக் கூட்டி வருகிறேன் என்று எழுந்து போனார். வேக விஷயத்தை அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்று போகும்போதே கேட்டுக்கொண்டார். அந்தம்மாவிடம் மணியத்தின் படம் ஒன்று இருக்கிறது, குரல் என்று எதுவும் இல்லையாம்.

மணியத்தின் மனைவி பார்வதி இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, நின்றுகொண்டே கேட்டார். அழவில்லை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பாட்டு முடியும் வரை அசையாமல் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது நீ பாடினதுதானே சரோ” என்றார் பார்வதி. “மூச்சு எடுக்கறது உன்னோடது. அவரு நடுவுல மூச்சே விடமாட்டாரு.”

சரோஜா ஆமாம் என்று தலையசைத்தார்.

“பரவால்ல. இன்னொரு தடவ போடுங்க தம்பி” என்றார் பார்வதி, பெஞ்சில் உட்கார்ந்தபடி.

எத்தனை தடவை போட்டேன் என்று நான் எண்ணவில்லை. இருட்டுவதற்குள் சரோஜா வீட்டுக் கேசட் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து ஒரு காலி நாடாவில் பதிவு செய்து பார்வதியிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் நாற்பத்தைந்தில் தங்கை, மறுபக்கம் முப்பத்து மூன்றில் அண்ணன். பின்னணியில் கோழிச் சத்தமும் விழுந்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். புது பேட்டரி எடுத்துப் போங்கள், தேய்ந்த பேட்டரி வேகத்தைக் கெடுக்கும். குறைந்தது இரண்டு காலி நாடா கையில் இருக்கட்டும். இந்தக் காலத்தில் அதற்குப் பதில் போனே போதும். தட்டை விலைக்குக் கேட்பதற்கு முன் அதை அந்த வீட்டில் போட்டுக் காட்டுங்கள். தோட்டங்கள் பல இன்று இல்லை. ஆட்கள் செமோரிலும் ஈப்போவிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். கோயில் திருவிழா சமயத்தில் போனால் எல்லாரும் கண்ணில் படுவார்கள்.

அந்தத் தட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. கேட்க வருகிறவர்களுக்கு நாற்பத்தைந்தில் போட்டுக் காட்டி, பாடுவது சரோஜா என்று சொல்கிறேன். எனக்கு அதிகம் பிடித்தது எது என்று கேட்டால் இப்போதும் அந்த மெதுவான பாட்டுதான். ஆனால் அன்றைக்கு அப்புறம் முப்பத்து மூன்றில் நான் அதைப் போட்டதில்லை. அது பார்வதி அக்கா வீட்டுக் குரல்.