மனைவியின் சீட்டுக்கு அடியில்

எண்பதுகளில் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரக் கார் பார்க்கில் கார் ரேடியோ பழுதுபார்த்தவர் அவர். என்னைவிட இளையவர், ஒல்லி. எதைத் தொடுமுன்பும் கழுத்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார்.

என் காரில் ஆம்பிளிஃபையரின் ஃபியூஸ் அடிக்கடி போனது. நானும் எலக்ட்ரீஷியன்தான். ஒரு மாதமாக, காலிக் காரில் மீட்டர் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த என் மனைவியிடம் கேட்டார்: “எப்பக்கா போகுது?”

“நான் ஏறி உட்கார்ந்தாதான் தம்பி.”

கையைத் துடைத்துக்கொண்டு அவளுடைய சீட்டைத் தூக்கினார். அடியில் ஒயர் நசுங்கி, செம்பு வெளியே தெரிந்தது.

“சீட்டு அமுக்குது லா, அவ்ளோதான்.”

“இவர் என்கிட்ட கேக்கவே இல்ல தம்பி” என்று சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

அந்தக் கார் இருந்தவரை, அவள் பாட்டோடு சேர்ந்து பாடும்போதெல்லாம் அவள் குரல் கேட்கட்டும் என்று நான் ரேடியோ சத்தத்தைக் குறைத்தேன்.