சித்தி தேடிய ஊக்கு

ஒன்பது வயதில் எனக்கு உலகத்துக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. அன்றைக்கே யாராவது என் முதுகில் இரண்டு வைத்திருந்தால் எட்டுப் பெண்களின் கால்கள் பிழைத்திருக்கும். என்னுடையது சாதாரண முட்டாள்தனம் இல்லை, சுறுசுறுப்பான முட்டாள்தனம்.

சேலையூரில் எங்களோடு தங்கியிருந்த சித்தி, குரோம்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். என் பார்வையில் அது வேலையே இல்லை. நாள் முழுக்க ஏசி, பட்டு, பாட்டு. போதாததற்குச் சம்பளம் வேறு. ஃபேனுக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதும் எனக்கு வயிறு எரியும்.

அந்தத் தீபாவளிக்கு அம்மாவோடு கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் அல்லவா, எனக்கு ஸ்டூல், கையில் ரோஸ்மில்க். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சேலை விரித்துக்கொண்டிருந்த சித்தி திடீரென்று, "ஐயோ, ஊக்கு விழுந்துடுச்சு" என்று குனிந்தாள். எழவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா எதுவுமே நடக்காத மாதிரி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. ஊக்கு கிடைத்த பாடில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"சார், எங்க சித்தி ஊக்கைத் தேடிட்டே இருக்காங்க, லைட் அடிங்க சார்!"

அவர் சிரித்தார். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் வந்தார். நானும் பெருமையோடு எட்டிப் பார்த்தேன்.

சித்தி எதையும் தேடவில்லை. காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, கெண்டைக்காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவை விலகிய இடத்தில் நரம்புகள் நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தன.

"இதாம்மா ஊக்கு? எந்திரி. எத்தினி நாளா ஓட்டிக்கினு கீறீங்க இந்தப் படத்த?" என்றார் சூப்பர்வைசர்.

காலையில் வந்தால் கடை சாத்தும்வரை அங்கே விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாதாம். எட்டுப் பேரும் முறை வைத்து ஊக்கைத் தொலைத்துத்தான் ஆளுக்கு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் உடனே ஆளைக் கூப்பிட்டுப் பெட்டிகளை அள்ளச் சொன்னார். மேசைக்குப் பின்னால் கேமரா மாட்டவும் உத்தரவானது. சேலை மடித்த அக்கா என்னைப் பார்த்து, "நல்லா இருப்பா ராசா" என்றாள். வாழ்த்து என்று நினைத்து தேங்க்ஸ் சொன்னேன்.

கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது சில வருடங்கள் கழித்து. உட்காருவதற்கெல்லாம் எதற்குச் சட்டம் என்று அந்த வயதில் கேட்டிருப்பேன். என் வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்டால் டீச்சர் எதற்கும் விடுவார். உலகமே அந்த வகுப்பு மாதிரிதான் என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தியிடம் போய் நின்றேன்.

"கால் வலிச்சா சார்கிட்ட கேட்டுட்டு உட்கார வேண்டியதுதானே சித்தி? எதுக்குப் பொய்?"

காலில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"கேட்டவ இப்போ அங்க இல்ல."