டிக்கியில் வைத்த இரண்டு பெட்டிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சிவகாசியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் மேடையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது நான்தான். என்னைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒருவரும் பெங்களூரிலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். என்னை என்றால், என் கால்களை.

எனக்கு ஒரு அபூர்வ நோய் இருக்கிறது. பெயர் ரொம்ப நீளம், சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கும், பேச்சுவார்த்தைக்கும் வராது. முதல் அறிகுறி என்ன தெரியுமா? கழன்ற செருப்பு வழியில் கிடக்க, அது தெரியாமல் அச்சாபீஸ் வரைக்கும் நடந்து போய் நின்றேன். கவனம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் திட்டினார்கள். இந்த வயதிலும் கனவில் நடக்கிற ஆளாக இருக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இந்த நோய் உள்ள குடும்பங்களை எங்கள் மாவட்டத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு கொஞ்சம் பேருக்காக மருந்து தேட எந்தக் கம்பெனியும் வராது. அதில் எனக்குக் கோபமில்லை. நானும் வியாபாரிதான், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிறவன். பத்தே பத்து லேபிள் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் நானும் மிஷினை ஓட்ட மாட்டேன்.

எங்களுக்காக ஓட்டுவதற்கு ஒரே ஒருவர் இருந்தார். மதுரையில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் விஞ்ஞானி. நாங்கள் மேடம் என்போம். இளம் விஞ்ஞானிகளுக்கு என்று பல நிதிகள் உண்டாம், தலை நரைத்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். இத்தனை வருஷம் பார்த்தும் இன்னுமா முடியவில்லை என்று கேட்பார்களாம். அந்த வருடம்தான் அதிசயமாக, அபூர்வ நோய்களில் நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கென்றே ஒரு நிதியுதவி அறிவித்திருந்தார்கள். கிடைத்தால் ஆய்வு தொடரும். கிடைக்காவிட்டால் மேடம் ஓய்வு பெறுகிற நாளில், எங்கள் ரத்த மாதிரிகள் இருக்கிற குளிர்பெட்டியையும் சேர்த்து அணைத்துவிடுவார்கள்.

வந்திருந்த இருவரும் அந்த நிதியைக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த மதிப்பீட்டாளர்கள். மதுரையில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, குடும்பங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாத்தூர், ஆலங்குளம் பக்கமிருந்தெல்லாம் ஆட்களைத் திரட்டும் பொறுப்பு என்னுடையது. மேடம் என்னிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொன்னார். மாலை கூடாது, சால்வை கூடாது, வரவேற்பு பேனர் கூடாது, டீயைத் தவிர எதுவும் கூடாது. பேனரை ஏற்கெனவே டிசைன் செய்து வைத்திருந்தேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தேன்.

சந்திப்பு நன்றாகவே போனது. பெங்களூர் அம்மாவுக்குப் பூர்வீகம் கோயம்புத்தூர் என்பதால் எல்லோரிடமும் தமிழிலேயே பேசினார். டெல்லிக்காரர் பெரியவர், அதிகம் பேசவில்லை, ஒவ்வொருவர் நடையையும் உன்னிப்பாகப் பார்த்தார். மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். கும்பிட்டு வழியனுப்பினேன். கார் மறைந்ததும், மண்டபத்திலேயே இருந்த மேடத்திடம் வந்து, சொன்னபடி எதுவும் கொடுக்கவில்லை, டிக்கியில் ஆளுக்கொரு கிஃப்ட் பாக்ஸ் மட்டும் டிரைவரிடம் சொல்லி வைத்துவிட்டேன் என்றேன், பெருமையாக.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சீசன் நேரத்தில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டு ஒருவர் பட்டாசுப் பெட்டி இல்லாமல் திரும்பினால், அவரோடு சண்டை என்று அர்த்தம். ஆடிட்டர், பேங்க் மேனேஜர், பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் ஒரு பெட்டி உண்டு. அதைப் பரிசு என்றே நாங்கள் நினைப்பதில்லை. போய்ட்டு வாங்க என்பதை வாயால் சொல்வதற்குப் பதில் பெட்டியால் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மேடம் கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பெட்டிக்குள்ள என்ன?"

"பட்டாசு மேடம். நல்ல சரக்கு."

"அவங்க நேரா ஏர்போர்ட் போறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிதி வாங்கப்போகிறவர்கள், நிதி கொடுக்கப்போகிறவர்களின் காரில் பரிசை ஒளித்து வைத்தது ஒன்று. அதுவும் விமானத்தில் ஏறப்போகிறவர்களின் பெட்டியோடு வெடியை வைத்தது இன்னொன்று. ஒருத்தன் ஒரே நாளில் இதற்கு மேல் சாதிக்க முடியாது.

டிரைவர் போனை எடுக்கவில்லை. மேடம் பெங்களூர் அம்மாவின் எண்ணைத் தேடினார். நான் வைத்த பெட்டி, நானே பேசுகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டேன். முதலில் டிரைவர் தெரியாமல் வைத்துவிட்டார் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. மேடம் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். யோசனை அங்கேயே நின்றது. உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா, கார் எங்கே வந்திருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டார். விருதுநகருக்குச் சற்று முன்னால் காரை நிறுத்திவிட்டு, பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ அம்மா, அடுப்பு இருக்கிற இடத்துல வச்சிராதீக. நிழல்ல தள்ளி நில்லுங்க, இந்தா வாரேன்."

கிடைத்த வண்டி, எங்கள் அச்சாபீஸ் லோடு ஆட்டோதான். பின்னால் காலண்டர் கட்டுகள். ஓட்டியவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். திருத்தங்கல் தாண்டும் வரை பொறுமையாக இருந்தான். அப்புறம் ஆரம்பித்தான்.

"ஏலே, ஊர்ல எல்லாவனும் காரியம் ஆகணும்னு பெட்டி கொடுப்பான். காரியத்தக் கெடுக்கப் பெட்டி கொடுத்தவன் நீ ஒருத்தன்தாம்லே."

நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த ஒரே கதவை நானே சாத்திவிட்டு வந்திருக்கிறேன் என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாலையோர வேப்பமரத்தடியில் இருவரும் நின்றிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து நான் இறங்குவது ஒரு தனி நிகழ்ச்சி. கையால் ஒரு தொடையைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை. காலையில் மேடையில் நடந்தபோது கொஞ்சம் ஜோடனையாக நடந்திருந்தேன், அதற்கென்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். இப்போது ஒத்திகை எதுவும் இல்லை. டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியைத் தூக்கப் பார்த்தேன், ஆடிவிட்டேன். டெல்லிக்காரர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் காலண்டர் கட்டுகளின் மேல் வைத்தார். இரண்டாவதையும் அவரே கொண்டுபோனார்.

"உங்க மேடம் சொல்லி அனுப்புனாங்களாங்க?" என்று பெங்களூர் அம்மா கேட்டார்.

"இல்லம்மா. அவுக எதுவும் கூடாதுன்னுதான் சொன்னாக. நான்தான் பட்டாசு அதுல சேராதுன்னு நெனச்சிட்டேன். தப்பு எம்பேர்ல எழுதிக்கோங்க. அவுக பேர்ல வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நடந்ததை நடந்தபடி நாங்க எழுதித்தான் ஆகணுங்க. அதுல உங்களுக்கு நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம்" என்றார். கார் போய்விட்டது.

அவர்கள் எழுதினார்கள். அன்று மாலையே மேடமும் தன் பங்குக்கு நிதி கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். தீபாவளி கழிந்து பதில் வந்தது. விண்ணப்பத்தைத் தள்ளவில்லை. ஆனால் அந்த இருவரும் மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டார்கள், புதிதாக வேறு இருவர் வந்து பார்த்த பிறகுதான் முடிவு. அவர்கள் பொங்கலுக்குப் பிறகுதான் வர முடியுமாம். மேடத்திடம் மன்னிப்புக் கேட்க மதுரைக்குப் போனேன்.

"எனக்கு இந்த தாமதம் ஒண்ணுமில்லைங்க, எவ்வளவோ காத்திருந்தாச்சு" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். போன தடவை அதில் கைத்தடி இல்லை. "உங்களுக்குத்தான் ஒவ்வொரு மாசமும் முக்கியம்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

தை மாதம் புதியவர்கள் வந்தார்கள். அதே மண்டபம், அதே குடும்பங்கள், டீ மட்டும். அவர்கள் காரில் ஏறியபோது, ஊரில் பிறந்து வளர்ந்த நாற்பத்துச் சொச்ச வருடத்தில் முதல் தடவையாக, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன். என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பேண்ட் பையில் போட்டேன், எடுத்தேன், கடைசியில் கைத்தடியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற என் ஆட்டோக்கார நண்பன், டிக்கியைத் தான் ஏற்கெனவே சோதனை போட்டுவிட்டதாகக் காதருகில் சொன்னான்.

பங்குனியில் நிதி கிடைத்தது. குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மருந்து எப்போது என்று நான் கேட்பதில்லை, மேடமும் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆறுதல் படுத்துகிறவர் இல்லை. அது என் காலத்துக்குள் வருமோ வராதோ, அதைத் தேடுவதற்கான காசு யார் தயவும் இல்லாமல் நேராக வந்தது என்ற நினைப்பு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறும்போது எனக்கு இன்றைக்கும் தெம்பாக இருக்கிறது.