ரயிலுக்கு ஆட்டாத தலைத்துண்டு

எங்கள் பக்கம் இப்போது மின்சார ரயில்தான். பழைய டீசல் ரயில் ஒன்று எங்கள் ஊர் லாபிஸ் வழியாகப் போகப்போகிறது என்று மகள் சொன்னதும், கைப்பையில் ஒரு தலைத்துண்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

நான் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், ரயில் வந்தால் பெண்கள் எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டுவார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். நான் மட்டும் கூச்சப்பட்டு ரப்பர் மரத்துக்குப் பின்னால் நின்றுவிடுவேன். ஒருநாளாவது ஆட்டியிருக்கலாமே என்று இத்தனை வருடமும் மனதில் கிடந்தது.

வேலியோரம் நின்றோம். சுற்றிலும் படம் எடுக்க வந்தவர்கள். ரயில் வந்தது, எனக்குக் கை எழவில்லை. இன்ஜின் தாண்டிப் போய்விட்டது.

"அலமாக், ஆட்டுங்கம்மா! துண்ட ஊறுகா போடவா கொண்டாந்தீங்க?" என்று அலுத்துக்கொண்டாள் மகள்.

கடைசிப் பெட்டி வரும்போது துண்டை எடுத்து ஆட்டிவிட்டேன். அதன் கதவருகே நின்ற கார்டு சற்றுத் திகைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அவரும் ஆட்டினார்.

"போதும்மா, ரயில் போயி ரொம்ப நேரமாச்சு லா," என்று மகள் சிரிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.