வெயில் படாத பக்கத்துப் பனி

பனியைக் கையில் பிடித்துப் பார்த்து அதன் குணத்தைச் சொல்லத் தெரிந்தவன் பாறசாலையில் ஞானையன் ஒருவன்தான். படித்தது மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பட்டாளத்து அதிகாரி ஒருவருக்குச் சமையல்காரனாக வடக்கே போனவன், காஷ்மீரத்துக் குல்மார்கில் பனிச்சறுக்குப் பலகைகளைக் கண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டான். பலகையின் அடியில் மெழுகு தேய்ப்பது ஒரு தனி வேலை. காய்ந்த பனிக்கு ஒரு மெழுகு, ஈரப்பனிக்கு வேறு மெழுகு. மாற்றித் தேய்த்தால் பலகை ஓடாது. ஏறிய துரை குப்புற விழுவார். ஞானையன் தேய்த்த பலகையில் ஏறியவர்கள் அடுத்த வருடமும் அவனைத்தான் கேட்டார்கள். குல்மார்க் விடுதியில் சில குளிர்காலங்கள், சிம்லாவுக்கு மேலே குஃப்ரி விடுதியில் ஒரு குளிர்காலம் என்று அவன் பிழைப்பு நடந்தது.

மெழுகு ஊரிலிருந்து போனது. கிறிஸ்தவக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை அக்காள் சரோஜம் கேட்டு வாங்கி, தேன்மெழுகு சேர்த்து உருக்கி, மல்துணியில் வடிகட்டித் தகர டப்பாவில் ஊற்றுவாள். திரியின் நூல் ஒன்றுகூட அதில் கிடக்காது.

ஐம்பத்து நாலில் அவன் ஊருக்கு வந்திருந்தபோது எல்லைப் போராட்டம் மூண்டது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களில் அவனும் ஒருவன். லத்தி அடியில் இடது தோள் இறங்கிப் போனது. வழக்கு முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். இரண்டு குளிர்காலம் அவன் இல்லாமலே வடக்கே பனி பெய்தது.

ஐம்பத்தாறு நவம்பரில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்து அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரைத் தாலுகா மொத்தமும், பாறசாலையும் சேர்த்து, மலையாளத்தோடு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் விழுந்த களியக்காவிளைச் சந்தைக்கு நடந்து போய்க் கருவாடு வாங்கி வருகிறவர்கள் ஒரே நாளில் வேறு மாநிலம் போய்த் திரும்புகிறவர்களானார்கள். ஞானையன் தோளைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

வழக்கைத் தள்ளியதும் இரண்டு விடுதிக்கும் எழுதிப் போட்டான். இரண்டிலிருந்தும் ஒரே மாதிரி பதில்: எங்களிடம் பனி நன்றாக இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன் வந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆள். பனி இல்லை என்று எந்த விடுதிக்காரனும் எழுதமாட்டான். முதல் பனி நிலைக்காத இடத்துக்கு விருந்தாளி வரமாட்டான். விருந்தாளி இல்லாத விடுதியில் மெழுகு தேய்ப்பவனுக்கு என்ன வேலை? தப்பான இடத்துக்குப் போய்விட்டால் மற்றதும் கைவிட்டுப் போகும். மூன்றாவது குளிர்காலமும் போனால் அவனை யாரும் நினைவு வைத்திருக்கப் போவதில்லை.

அந்த வாரம் உள்ளூர்ப் பட்டாளக்காரர்கள் இருவர் லீவில் வந்தார்கள். விஜயதாஸின் முகாம் குல்மார்க் பக்கம், ரெத்தினதாஸின் முகாம் குஃப்ரி பக்கம். ஞானையன் இருவரையும் தேநீர் குடிக்கச் சாயக்கடைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தான்.

“மக்கா, அங்க பனி எவ்வளவு கெடக்கு?”

“கணுக்கால் முங்கும் அண்ணே,” என்றான் விஜயதாஸ். “ஊதினா பறக்கும். மரச்சீனிக் கெழங்கு மாவு கணக்காக்கும்.”

“கையில பிடிச்சா?”

“நிக்காது. உதிந்து போவும்.”

ஞானையன் ரெத்தினதாஸைப் பார்த்தான்.

“எங்களுக்கு முழங்கால் உண்டு,” என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்தி. “அடியில கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு. நேத்து பெய்ததில்ல, பத்து நாளா கெடக்கு.”

“இவனுக்க முழங்கால் எவ்வளவு ஒயரம் இருக்கும்? கோழிக்க முழங்கால்!” என்றான் விஜயதாஸ்.

கடையே சிரித்தது. ஞானையனும் சிரித்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு. அடுத்த கேள்விக்கு அவன் வாயைத் திறந்தபோது ரெத்தினதாஸ் கேட்டான்:

“அது கெடக்கட்டு அண்ணே. இப்ப நாம எந்த ஸ்டேட்? கேம்ப்புல கேக்கியானுவ, நான் என்னத்த செல்லுயது? நீ அடி வாங்கினது வெறுதேயா?”

ஞானையனின் முகம் கறுத்தது. அதன்பிறகு பேச்சு முழுவதும் கோட்டைப் பற்றித்தான். தாலுகா தாலுகாவாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசிவிட்டு எழுந்தான். கேட்க வந்த கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

நம் ஊரில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. இங்கே வெயில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். குன்றின் எந்தச் சரிவும் ஒரே மாதிரி காயும். வடக்கே குளிர்காலத்துச் சூரியன் தெற்கில் தாழ்ந்து போகும். தெற்குச் சரிவில் பனி உருகும். வடக்குச் சரிவில் மாதக்கணக்கில் கிடக்கும். ரெத்தினதாஸின் முகாம் எந்தச் சரிவில் என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் உச்சிவெயிலில் கிடந்த ஞானையனுக்கும், கோட்டுப் பேச்சுக்குப் பிறகு, அது மறந்து போனது.

“குஃப்ரிக்குப் போறேன் அக்கா. ஊதினா பறக்குத பனிய நம்ப முடியாது, பத்து நாள் நிக்குத பனி ஏமாத்தாது.”

“நீ செல்லுயது சரியாத்தான் இருக்கும் மக்கா,” என்றாள் சரோஜம். டப்பாவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகம் வரவில்லை.

குஃப்ரியில் விடுதிக்கு முன்னால், முன்பு ஒரு குளிர்காலம் அவன் பனி மூடிப் பார்த்திருந்த சறுக்குச் சரிவு, தெற்கு நோக்கியது, காய்ந்த புல்லாகக் கிடந்தது. மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பள்ளத்துக்கு எதிர்ப்புறம் வெயில் படாத மலை முழுக்க வெள்ளை. அதன் நடுவே ரெத்தினதாஸின் முகாம், சொன்னது பொய்யில்லை. ஞானையன் பள்ளத்தை இறங்கி ஏறி அந்தப் பனியைக் கையில் அள்ளினான். நல்ல பனி. ஆனால் மரம் அடர்ந்த செங்குத்து. ஒருவரும் சறுக்க முடியாது.

கிறிஸ்துமஸ்வரை வானம் பளிச்சென்று இருந்தது. விடுதிக்காரர் கைவிரித்தார். குல்மார்குக்குத் தந்தி அடித்தான். அங்கே பனிக்கு மேல் பனி விழுந்து வேலை தொடங்கிவிட்டது, ஆள் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

ஞானையன் வீடு வந்து சேர்ந்தபோது சரோஜம் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவன் டப்பாவை அவள் முன்னால் வைத்தான். மூடிகூடத் திறக்கப்படவில்லை.

“பனி இல்லியா மக்கா?”

“உண்டும் அக்கா. கண்ணுக்கு நேரே வெள்ளையா கெடந்துது. நடுவுல ஒரு பள்ளந்தான். நான் நின்னது இந்தப் பக்கம்.”

அவள் தட்டில் எடுத்து வைத்தது அப்படியே ஆறிப் போனது. அதன்பிறகு அவன் எந்த விடுதிக்கும் எழுதவில்லை. களியக்காவிளைப் பக்கமும் போகவில்லை. கருவாடு வாங்கச் சரோஜம்தான் போனாள். பங்குனி வெயிலில் டப்பாவின் மெழுகு இளகி விளிம்பில் கசிந்தது. அவள் அதைத் துடைத்து, மூடியை இறுக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.